அம்சவேணியின் பீரங்கியும் அரசாங்கத்துக் காதும்

ரங்கூனில் ஆற்றை ஒட்டிக் கிடக்கிற க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்கு இறங்கும் சந்து ஒன்றில் அம்சவேணி பொரி வெடித்துக்கொண்டிருந்தாள். பொரித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினால் தப்பாகிவிடும். மணலில் போட்டு வறுக்கிற சாதுவான பொரி அல்ல அது. வயிறு பெருத்த இரும்புக் குடுவை ஒன்றில் அரிசியைப் போட்டு, மூடியை முறுக்கி, கரியடுப்பின் மேல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே காற்று முறுக்கேறியதும் குடுவையின் வாயைக் கம்பிக் கூண்டுக்குள் திருப்பி, இரும்புக் குழாயால் மூடியின் கொக்கியில் ஒரு தட்டு. டமார் என்று சத்தம், அப்புறம் புகை. புகை விலகினால் கூண்டு நிறைய வெள்ளைவெளேரென்று பொரி. பர்மாக்காரர்கள் அதைப் பவுக்பவுக் என்பார்கள். எங்கள் சந்துத் தமிழர்கள் அந்தக் குடுவையைப் பீரங்கி என்றார்கள்.

நான் எதிர் மாடியில் தையல் மிஷின் போட்டிருந்தவன். அவள் பீரங்கியால் என் விரலில் ஏறிய ஊசிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் அவளைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப் போகிறேன். கெட்டதாகச் சொன்னால் இந்த வயதிலும் மாடியேறி வந்து கேட்பாள்.

அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எண்பத்தெட்டில் அவளுக்கும் சின்னத்தம்பிக்கும் ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். ஊர்வலம், வேலைநிறுத்தம் என்று தள்ளித் தள்ளி அது புரட்டாசிக்குள் போய் விழுந்தது. புரட்டாசியில் தாலி கட்டக் கூடாது என்று பண்டாரம் முறைத்தார். இன்னும் தள்ளினால் மாப்பிள்ளையே தள்ளிப் போய்விடுவான் என்று அவள் அப்பா பயந்தார். கடைசியில் முகூர்த்தம் அமைந்தது ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாள். மந்திரம் பாதியில் இருக்கும்போது பெரிய ரோட்டில் சுட ஆரம்பித்தார்கள். பண்டாரம் பெஞ்சுக்கு அடியில் போனார். மந்திரம் அவரோடு போய்விட்டதால் மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னாலேயே போனார்கள். பெஞ்சுக்கு அடியில்தான் தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சைப் போட்டது நாத்தனாரா பண்டாரமா என்பதில் அந்தக் குடும்பத்தில் ரொம்ப நாள் சண்டை இருந்தது.

சிரிக்கலாம். ஆனால் அதே வாரம் பக்கத்து வீட்டுக் கரீமாவின் புருஷன் அப்துல் பாரி, பிள்ளைக்குப் பால் மாவு வாங்கப் போனவர், திரும்பி வரவில்லை. சத்தம் கேட்டது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் கேட்டது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. கரீமா கோவில் பக்கம் தேடினாள், மார்க்கெட் பக்கம் தேடினாள். மறுநாள் படகுத்துறைச் சாக்கடையோரம் கிடந்தார். சுட்டவுடன் மவுத்தாகவில்லை, வெகு நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று தூக்கி வந்தவர்களில் ஒருத்தன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையைக் கரீமா பிறகு கீழே இறக்கி வைக்கவே இல்லை. தையல், எம்பிராய்டரி என்று எனக்குத்தான் வேலை செய்தாள். பேச்சு குறைவு.

சின்னத்தம்பி படகுத்துறையில் மூட்டை தூக்கி முதுகு போனதும், நாட்டை விட்டுக் கிளம்பிய சீனக் கிழவர் ஒருவரிடம் அம்சவேணி அந்தப் பீரங்கியை வாங்கினாள். தாலிக்கொடி போனது. பத்து வருடத்தில் சின்னத்தம்பியின் காதும் போனது. பீரங்கியைச் சுழற்றுகிறவன் காது அதன் வாய்க்கு ஒரு முழத்தில் இருக்கும். அவள் மட்டும் தட்டுவதற்கு முன் முந்தானையைக் காதில் திணித்துக்கொள்வாள். புருஷனுக்கும் ஒரு துணி கொடுத்துப் பார்த்தாள். ஆம்பிளைக்கு எதற்கு என்று அவன் அதில் மூக்கைச் சிந்தினான்.

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்குக் காது வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் நகரத்துக் கடைகளில் குண்டு வெடித்த பிறகு மேலே எல்லாரும் பயந்து போயிருந்தார்கள். மேலே பயந்தால் கீழே வசூல் நடக்கும். எங்கள் யாக்வெ, அதாவது வார்டு, அதன் தலைவர் ஊ தெய்ன் ஹான், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று கூட்டம் போட்டார். கண்ணாடி போட்ட ஒருவர், மிஷின் விற்கிற கம்பெனியாம், பெயர் யாருக்கும் பிடிபடவில்லை, பலகையில் படம் வரைந்து விளக்கினார். சந்து முனைகளில் நாலு கம்பம் நடுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒரு பெட்டி. எங்கேயாவது துப்பாக்கி வெடித்தால் சத்தம் நாலு பெட்டிக்கும் முன்னே பின்னே போய்ச் சேரும். அதை வைத்து மிஷின் இடத்தைக் கண்டுபிடித்து, போலீஸ் கேட்டில், அதாவது காவல் சாவடியில், மணி அடித்து, அங்குள்ள பலகையில் அந்தக் கம்பத்துக்கான விளக்கை எரியவிடும். போலீஸ் உடனே அங்கே போகும்.

சின்னத்தம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொண்டாட்டியை இடித்து, தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழில் கேட்டான்.

"என்னாடி சொல்றாரு?"

"காது வைக்கப் போறாங்களாம்."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

"அதுக்குத்தான் பொறந்ததுலேர்ந்தே காது கெடையாதே."

தமிழ் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் தமிழ் தெரிந்தவர்களைப் பார்த்தார்கள். ஊ தெய்ன் ஹானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாபெயே என்கிற டீ விற்கிற கடைக்காரர் ஜாபர், "விலை என்னன்னு கேட்கிறாரு சயா" என்று, பர்மீயத்தில் ஐயா போட்டு, மொழிபெயர்த்துக் காப்பாற்றினார்.

விலையையும் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு மாத அரிசிப் பணம். முதலில் கட்டிவிட வேண்டும், சந்தேகத்தைப் பிறகு கேட்கலாம். எங்கள் சந்தில் தண்ணீர் பம்பு கெட்டு வருடமாகிறது, கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, தீயணைக்கிற வண்டிக்கு டயர் இல்லை என்று ஜாபர் மெதுவாக ஆரம்பித்தார். அதெல்லாம் வேறு இலாகா என்றார் தலைவர். அப்போது அம்சவேணி எழுந்தாள்.

"சயா, ஒண்ணு கேட்கட்டுமா. எங்க யாருகிட்டேயும் துப்பாக்கி இல்ல. வச்சிருந்தா உள்ளே போட்டுடுவீங்க. துப்பாக்கி இருக்கிறது உங்க ஆளுங்ககிட்ட மட்டும்தான். அப்ப அவங்க சுடுறதை அவங்களுக்கே சொல்றதுக்கா இந்த மிஷினு?"

கண்ணாடிக்காரர் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார், அதில் எங்காவது பதில் இருக்கிறதா என்று. தலைவர் தண்ணீர் குடித்தார். யாரும் எதிர்பார்க்காமல், கடைசி வரிசையிலிருந்து கரீமா பேசினாள்.

"வைக்கட்டும். நான் கட்டுறேன்."

அம்சவேணி திரும்பினாள். "உங்களுக்கு என்னாக்கா?"

"அன்னைக்கு இது இருந்திருந்தா, எங்கே கெடக்குறாருன்னு தெரிஞ்சிருக்கும்ல வேணி" என்றாள் கரீமா. அவ்வளவுதான் சொன்னாள். அம்சவேணி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தன் பங்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் அவள் வாதத்தில் தோற்றதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கம்பங்கள் வந்தன. பெட்டிகளுக்குச் சாம்பல் வர்ணம், கீழே புனல் மாதிரி ஒரு வாய். மாலை போட்டு, பிக்குகளுக்குச் சோறு போட்டு, திறந்து வைத்தார்கள். திறப்பு விழாப் பந்தல் பிரிப்பதற்குள் அம்சவேணி அன்றைய முதல் பீரங்கியைத் தட்டினாள்.

போலீஸ் வண்டி அவ்வளவு வேகமாக எங்கள் சந்துக்குள் வந்ததே கிடையாது. ஆறு பேர் குதித்தார்கள். கேட்டின் பொறுப்பில் இருந்த கோ மியோ என்கிற ஒல்லிப் போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "அசையாதே" என்று கத்தினான். அம்சவேணி அசையவில்லை. சின்னத்தம்பிக்குக் கேட்கவில்லை. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த ஈட்டுக்கு அரிசியைப் போட்டு மூடியை முறுக்கிச் சுழற்றத் தொடங்கினான். ஆறு துப்பாக்கிகளுக்கு நடுவில் ஒருத்தன் அவ்வளவு நிதானமாக வேலை செய்வதைப் பார்த்து அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அதை நிறுத்தச் சொல்லுங்க அமா" என்றான் கோ மியோ. அமா என்றால் அக்கா.

"நிறுத்தினா உள்ளேயே வெடிச்சிடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்கள். டமார். கேட்டில் மறுபடி மணி அடித்ததாக வண்டியில் இருந்த பேசும் கருவி அலறியது. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று கோ மியோ அதற்குப் பதில் சொன்னான். பிறகு வெல்லம் போட்ட பொரியை ஆளுக்கொரு கை அள்ளித் தின்றுவிட்டுப் போனார்கள்.

அந்த மாதம் முழுக்க இதே கூத்து. அம்சவேணி வெடித்தால் வருவார்கள். பழைய ஹினோ பஸ் புகைக்குழாயில் வெடித்தால் வருவார்கள். சீனர் வீட்டுக் கல்யாணப் பட்டாசுக்கு, தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததற்கு, என் கடையில் சோடா பாட்டில் வெடித்ததற்கு, எல்லாவற்றுக்கும் வந்தார்கள். வந்ததற்குப் பெட்ரோல் செலவு என்று இன்னொரு வசூல். பிறகு பையோடு வர ஆரம்பித்தார்கள், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொரி கொண்டுபோக.

தலைவர் நேரில் வந்தார். பர்மாக்காரிகளைக் கூப்பிடுகிற மாதிரி பெயருக்கு முன் ம போட்டுக் கூப்பிட்டார். "ம அம்சா, இந்த வியாபாரத்தை நிறுத்திடு. மிஷின் குழம்புது."

"குழம்புறது மிஷினுதானே சயா. அதை நிறுத்துங்க. காசைத் திருப்பிக் கொடுத்துட்டா, நான் பீரங்கியை அக்கரைத் தன்லியினுக்குக் கொண்டுபோயிடுறேன்."

காசைத் திருப்புகிற வழக்கம் அந்த ஆபீசில் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தட்டுவதற்கு முன் ஜாபர் கடை டெலிபோனில் கேட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச நாள் சொன்னாள். பிறகு கோ மியோவே, "அமா, ஒவ்வொரு தடவையும் என்னை எழுப்பாதீங்க, நானே புரிஞ்சுக்கிறேன்" என்றான். அதோடு மணி அடித்தால் பவுக்பவுக் என்று முடிவு செய்து புரண்டு படுப்பது கேட்டின் சட்டமாகிவிட்டது. ஊர்ப் பணத்தில் வாங்கிய காது, அம்சவேணிக்கு வியாபாரம் எப்படிப் போகிறது என்று போலீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் மேலிடத்திலிருந்து தொப்பை வைத்த பெரிய அதிகாரி ஒருவர் மிஷினைச் சோதிக்க வந்தார். சோதிக்க வேண்டுமென்றால் துப்பாக்கியை ஒரு தடவை வெடித்துக் காட்ட வேண்டும். ஒரு குண்டைச் செலவழிக்க மேலே அனுமதி கேட்க வேண்டும். அந்த மேலே அதற்கு மேலே கேட்க வேண்டும். தலைநகரத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த சமயம், யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அதிகாரிக்கோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். கோ மியோதான் தலைவர் காதில் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் தலைவர் அம்சவேணி முன்னால் வந்து நின்றார். அவர் முகம் புளி தின்ற மாதிரி இருந்தது.

"ம அம்சா, ஒரு தடவை வெடி."

"குழம்பிடும்னு சொன்னீங்களே."

"இன்னைக்குக் குழம்பாது."

"அரிசி யாருது?"

"உன்னுதுதான். நாட்டுக்காக."

"நாட்டுக்கு வெல்லம் போடட்டுமா, சாதாவா?"

வெல்லம் போட்டு வெடித்தாள். கேட்டில் மணி கணீரென்று அடித்தது, சரியான விளக்கு எரிந்தது. அதிகாரி பொரியை மென்றுகொண்டே மிகத் திருப்தி என்றார். துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் குறையில்லை என்று எங்கள் யாக்வெக்குப் பாராட்டு வந்தது. ஜாபர் அன்று எல்லாருக்கும் ஓசியில் லாபெயே கொடுத்தார். அவர் ஓசியில் கொடுத்ததும் அந்த ஒரு நாள்தான்.

இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். மழையில் நனைந்துகொண்டே வரிசையாகப் போனார்கள், ஜனங்கள் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டு போனார்கள். அம்சவேணி வியாபாரத்தை நிறுத்தினாள். "இப்ப நான் ஒரு தட்டு தட்டினா ஊரே செத்துடும்" என்றாள். பழைய பொரி மூட்டைகள் தள்ளுவண்டியில் கட்டியபடி இருந்தன, பீரங்கி மூலையில் ஆறிக் கிடந்தது.

அந்த வாரத்தில் ஒரு பகல், பெரிய ரோட்டுப் பக்கம் வெடித்தது. ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல். கடைக் கதவுகள் சடசடவென்று இறங்கின. ஜனம் செருப்புகளை விட்டுவிட்டு எங்கள் சந்து வழியாக ஓடியது. சின்னத்தம்பி வாசலுக்கு வந்து, "என்னாடி இது, எனக்கே கேக்குது" என்றான்.

கரீமா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜனம் ஓடி வருகிற திசைக்கு எதிராக நடந்தாள். அம்சவேணி பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தாள்.

"எங்கேக்கா போறீங்க, உங்களுக்குப் பைத்தியமா?"

"கேட்டுக்கு. எந்த விளக்கு எரியுதுன்னு பாக்கணும். அதுக்குத்தானே காசு கட்டினோம்."

"அங்கே போலீசு இருக்கும்."

"இருக்கட்டும்."

இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கூடவே போனாள். போகிற வழியெல்லாம் கரீமாவைத் திட்டிக்கொண்டே போனதாக அம்சவேணி பிறகு ஒப்புக்கொண்டாள், திட்டாமல் இருந்தால் பயம் வந்துவிடும் என்று.

கேட்டில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மற்ற போலீசை எல்லாம் ரோட்டுக்கு அனுப்பிவிட்டதால் கோ மியோ மட்டும் இருந்தான். டெலிபோன் அவன் காதில். மறுமுனையில் யாரோ என்ன சத்தம் அங்கே என்று கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"பவுக்பவுக் சயா. வழக்கமான அம்மாதான். ஆமா, இன்னைக்கு நிறைய வெடிக்கிறாங்க."

டெலிபோனை வைத்தான். அம்சவேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் பீரங்கி ஆறிப்போய்க் கெடக்கு, கோ மியோ. நான் உன் முன்னால நிக்கிறேன்."

"தெரியும் அமா."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? நம்ம ஆளுங்க சுடுறாங்கன்னு நம்ம ஆளுங்ககிட்டயே சொல்லவா?"

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கூட்டத்தில் கேட்டதைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். கரீமா குறுக்கே கேட்டாள். "தம்பி, எந்த விளக்கு?"

அவன் விளக்குப் பலகையை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, வெற்றிலை துப்பப் போகிறவன் போல வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பலகையில் மூன்றாவது விளக்கு எரிந்தது. படகுத்துறை ஐஸ் கிடங்குக் கம்பம்.

கரீமா அப்படியே ஓடப் பார்த்தாள். "வெறுங்கையோட போய்? தூக்கிட்டு வரவா போறீங்க, நீங்க இருக்கிற இருப்புக்கு?" என்று அம்சவேணி வீட்டுக்கு இழுத்து வந்து தள்ளுவண்டியை எடுத்தாள். பொரி மூட்டைகளோடு ரோட்டில் போனால் பிழைப்புக்குப் போகிறவள் மாதிரியாவது இருக்கும்.

ஐஸ் கிடங்குச் சுவரோரம், மரத்தூள் கொட்டியிருந்த பள்ளத்தில் ஓர் ஆள் கிடந்தான். கெண்டைக்காலில் குண்டு துளைத்துக்கொண்டு போயிருந்தது. தன் இடுப்பு லோஞ்சியையே கிழித்துக் கட்டியிருந்தான், மானத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து. இவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டதும் தமிழிலேயே அழுதான். பெயர் சுரேந்திரன். தன்லியின் பஸ்ஸில் கண்டக்டர்.

"ஊர்வலத்துல வந்தியா?" என்றாள் அம்சவேணி.

"இல்லக்கா. செருப்பு வாங்க வந்தேன். புதுசு. ஒண்ணைக் காணோம். அந்தத் திருப்பத்துலதான் விழுந்துச்சு, கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

"இன்னொரு தடவை செருப்புன்னு சொன்னே, என் செருப்பால அடிப்பேன். ஏறு."

மூட்டைகளை இறக்கி, அவனைப் படுக்க வைத்து, மேலே மூட்டைகளை அடுக்கினார்கள். பொரி மூட்டைக்குப் பாரம் கிடையாது, மூச்சு முட்டாது. அந்த நாளில் ரங்கூனில் ஒரு மனுஷனை மறைக்க அதைவிட வசதியான சரக்கு வேறு எதுவும் இருந்திருக்காது. திரும்புகிற வழியில் சந்து முனையில் ஒரு சிப்பாய் நின்றான். மேலுதட்டில் இன்னும் சரியாக மீசைகூட இல்லை. வண்டியை நிறுத்தினான்.

"என்ன மூட்டை?"

"பவுக்பவுக்."

"இன்னைக்கு யார் வாங்குவா?"

"யாரும் வாங்கல. அதான் இவ்வளவு மிச்சம். நீ வாங்கிக்கிறியா?"

துப்பாக்கி முனையால் மேல் மூட்டையைக் குத்தினான். ஓட்டை வழியாகப் பொரி பொலபொலவென்று கொட்டியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது என்றாள் கரீமா. அம்சவேணி கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு தலையில் இருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். அது நிறையப் பொரி அள்ளிக் கொடுத்தாள். அவன் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, போங்க என்று முகவாயால் காட்டினான். வண்டி நகரும்போது கீழ் மூட்டையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. கரீமா உடனே தானும் தும்மினாள். அந்தப் பெண்மணி அவ்வளவு சத்தமாகச் செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜாபரின் மச்சான் ஒருவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கடை மேஜையின் மேல், வெட்டி வைத்திருந்த சட்டைத் துணிகளை ஒதுக்கிவிட்டு, சுரேந்திரனின் காலைக் கழுவித் தைத்தார். நூல் என்னுடையதல்ல, அவரே கொண்டு வந்திருந்தார். எலும்பில் படவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் ரத்தம் போயே முடிந்திருக்கும் என்றார். அதைக் கேட்டுக் கரீமா அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்சவேணி போய்ப் பார்த்தபோது அழவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "பசியோட இருப்பான்ல" என்றாள்.

அடுத்த வாரம் கோ மியோ வந்து உட்கார்ந்தான். "அமா, மேலே கேட்டாங்க. அன்னைக்கு மணி அத்தனை தடவை ஏன் அடிச்சுதுன்னு. நீங்க வெடிச்சீங்கன்னுதான் சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு வெடிச்சேனாம்?"

"ஒரு பெரிய கல்யாணத்துக்கு ஆகிற அளவு."

"நம்பினாங்களா?"

"ரொம்பச் சந்தோஷமா நம்பினாங்க."

அவள் அவனைத் திட்டவில்லை. ஆனால் அன்று பொரி கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. சில மாதங்களில் அவனை மிங்கலாடோனுக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் வந்த புயலில் நாலு கம்பமும் சாய்ந்தன. சந்தில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லாதபோது காதைப் பழுது பார்க்கக் காசு கேட்க ஊ தெய்ன் ஹானுக்கே தைரியம் வரவில்லை. ஒரு பெட்டியை ஜாபர் எடுத்துப் போனார். அவர் வீட்டுக் கோழிக்கு அது பிடித்துவிட்டது, உள்ளே போய் முட்டையிட்டது. அந்த மிஷினால் எங்கள் சந்துக்குத் தினமும் கிடைத்த பலன் என்று பார்த்தால் அந்த முட்டைதான்.

சண்டை மட்டும் ஓயவில்லை. அந்த மிஷின் காசுக்குத் தகுமா என்று அம்சவேணியும் கரீமாவும் வாரம் ஒரு தடவையாவது மோதினார்கள். "ஒரு உசிரு பொழச்சுதே" என்பாள் கரீமா. "பொழச்சது மிஷினாலேயா? என் வண்டியாலே. மிஷினு சொன்னதைக் கேட்டு எந்தப் போலீசு வந்தான்?" என்பாள் அவள். "வண்டி இருந்துச்சு, எங்கே தள்ளுறதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்பாள் இவள். இதற்கு நடுவில் மாதம் ஒரு தடவை சுரேந்திரன் நொண்டிக்கொண்டு வந்து இரண்டு பேர் வீட்டிலும் சாப்பிடுவான். அவனிடமும் கேட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு எதுவும் தகுந்ததாகத் தெரியவில்லை. அந்தச் செருப்புக்குத் தான் கொடுத்த விலையைப் பற்றித்தான் பேசினான்.

இரண்டாயிரத்துப் பத்தில், தேர்தல் வரப் போகிறது என்று எல்லா ஆபீசுக்கும் வர்ணம் அடித்தபோது, தலைவர் மறுபடி கூட்டம் போட்டார். புது மிஷின். முன்னதைவிட நல்லது, பொரிக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு இரண்டு மாத அரிசிப் பணம். வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். அந்த ஆபீசில் எங்களைக் கேட்டதே அதுதான் முதல் தடவை. எப்படித் தூக்குவது என்றே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

கரீமா தூக்கினாள். அவள் ஒருத்திதான். தலைவர் மற்றவர்களை வரிசையாகப் பார்த்தார். அம்சவேணி எழுந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"நானும் கட்டுறேன் சயா. ரெண்டு மாசம் இல்ல, மூணு மாசம்கூட. ஒரே ஒரு விஷயம். மணியைக் கேட்டுல வைக்காதீங்க. கரீமாக்கா வீட்டுல வையுங்க. விளக்குப் பலகையும் அங்கேயே இருக்கட்டும். எங்கே சுட்டாலும் நாங்க போய்ப் பாத்துக்கிறோம்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. சின்னத்தம்பி என்ன என்று கேட்க, யாரோ அவன் காதுக்குள் கத்திச் சொல்ல, அவன் கையைத் தூக்கினான். ஜாபர் தூக்கினார். நான் தூக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக முக்கால்வாசிக் கைகள் மேலே இருந்தன. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது பாதுகாப்பு விஷயம், ம அம்சா. பொதுஜனங்க வீட்டுல வைக்க முடியாது."

"பொதுஜனங்க காசுதானே சயா."

யோசித்துச் சொல்வதாகக் கூட்டத்தை முடித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் தேர்தல் வந்தது, போனது, அவரும் போனார். புது மிஷின் வரவில்லை. தண்ணீர் பம்பும் வரவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கரீமா ஒரு வாரம் அம்சவேணியோடு பேசவில்லை. சமாதானம் பேச என் கடைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எம்பிராய்டரிச் சட்டத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே கரீமா ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரி. என் வீட்டுல மணி வைக்கச் சொன்னியே வேணி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நீ நாள் முழுக்க வெடிப்பே. நான் தூங்கவே வேணாமா?"